2,500, 6,500, 14,000: எண்டோஸ்கோபி பயாப்ஸிக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

கேள்வி: நாங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. மூன்று மாதமாக நெஞ்செரிச்சல், சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, எடையும் 5 கிலோ குறைந்துவிட்டது. டியூப் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். இங்கே ஒரு கிளினிக்கில் 2,500 என்றார்கள், மதுரையில் 6,500, சென்னையில் 14,000. ஏன் இவ்வளவு வித்தியாசம்? 5 லட்சத்துக்கு குடும்ப இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அம்மா பெயரும் அதில் உண்டு, பணம் கிடைக்குமா? சதை எடுக்காமல் எண்டோஸ்கோபி மட்டும் செய்தால் போதாதா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பணம் பற்றியது, இது அம்மாவைப் பற்றியது. போதாது. 61 வயதில் சாப்பாடு இறங்கவில்லை, எடையும் குறைகிறது என்றால் அது தள்ளிப் போடுகிற விஷயம் இல்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இதே தொந்தரவோடு வந்து வெறும் அமிலப் புண் என்று தெரிந்து மாத்திரையோடு வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வெறும் புண்தான் என்று உறுதியாகச் சொல்வது கேமரா இல்லை, அந்தச் சதைத் துண்டுதான். கேமராவில் சிவந்திருப்பது தெரியும், புண் தெரியும், வீக்கம் தெரியும், வெள்ளைத் திட்டு தெரியும். அது என்ன என்பது மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். பார்வைக்குச் சாதுவாக இருக்கிற இரைப்பைப் புண் புற்றாக இருப்பதும் உண்டு, உணவுக்குழாயில் பயங்கரமாகத் தெரிகிற வெள்ளைப் படலம் மாத்திரையில் சரியாகிற பூஞ்சையாக இருப்பதும் உண்டு.

இன்னொன்று, இன்று 2,000 ரூபாய் மிச்சம் என்று பயாப்ஸியை, அதாவது சதை எடுத்துப் பார்ப்பதை, விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொரு டாக்டர் படத்தைப் பார்த்து "சதை எடுத்திருக்கணுமே" என்று சொன்னால், மறுபடியும் வெறும் வயிறு, மறுபடியும் டியூப், மறுபடியும் முழுக் கட்டணம். ஆகவே தேவைப்பட்டால் அதே தடவையில் எடுத்துவிடுங்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் செலவு குறைந்த வழியும்கூட. எடுப்பது வலிக்காது. இரைப்பையின் உள்தோலுக்கு அந்தக் கிள்ளல் தெரியாது. எடுக்கிற துண்டு அரிசிக் குருணை அளவுதான், 2 அல்லது 3 மில்லிமீட்டர்.

நான் யார் என்று கேட்டீர்கள் என்றால், 12 வருடம் தனியார் மருத்துவமனைகளில் பில்லிங்கில் இருந்தேன், அதில் கடைசி 4 வருடம் எண்டோஸ்கோபி பிரிவின் கவுண்டரில். டாக்டர் இல்லை. மருத்துவம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பணம் பற்றிச் சொல்வது நானே டைப் செய்த பில்கள்.

இப்போது அந்த மூன்று தொகைக்கு வருவோம். மூன்று இடத்திலும் நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள், "எண்டோஸ்கோபிக்கு எவ்வளவு?" என்று. ஆனால் அவர்கள் பதில் சொன்னது வேறு வேறு கேள்விக்கு. 2,500 சொன்ன கிளினிக், டியூப் விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் சொல்லியிருக்கும். 6,500 சொன்ன இடம் பெரும்பாலும் மயக்க ஊசி, பயாப்ஸி எடுக்கும் கட்டணம் இரண்டையும் சேர்த்திருக்கும், லேப் கட்டணத்தைச் சேர்த்திருக்காது. 14,000 என்பது முன்பரிசோதனை, மயக்க டாக்டர், அரை நாள் படுக்கை, லேப் ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்த பேக்கேஜாக இருக்கலாம். அந்தந்த இடத்துப் பில்லைப் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 2,500 சொன்ன இடத்தில் கடைசியில் 6,000 ஆகலாம், 6,500 சொன்ன இடத்தில் 9,000 ஆகலாம். வித்தியாசம் இருக்கும், ஆனால் போனில் கேட்ட அளவுக்கு இருக்காது.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். 2019இல் அப்பாவுக்கு எண்டோஸ்கோபி. நான் வேலை பார்த்த இடம் இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் வேறு ஒரு மருத்துவமனை. தம்பி போன் செய்து கேட்டான், 2,800 என்றார்கள், அந்தப் பணத்தோடு போனான். திரும்பி வரும்போது 9,400 கட்டியிருந்தான். பில்லை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். எண்டோஸ்கோபி 2,800. எச்ஐவி, மஞ்சள் காமாலை கிருமி பார்க்கிற ரத்தப் பரிசோதனை 1,150. மயக்கம் 1,800. பயாப்ஸி எடுக்க 1,000. இரண்டு டப்பா சதை, டப்பாவுக்கு 1,000 வீதம் லேபுக்கு 2,000. மருந்துக் கடை 650. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, எல்லாமே நடந்த வேலைக்குப் போட்ட பில்தான். ஆனால் போனில் சொன்னது முதல் வரியை மட்டும். தம்பி ஏடிஎம் தேடி ஓடியிருக்கிறான், அப்பா மயக்கம் தெளிந்து வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. யாரும் ஏமாற்றவில்லை என்பதாலேயே யாரிடமும் போய்ச் சண்டை போடவும் முடியவில்லை.

அதனால் ஒவ்வொரு வரியும் என்ன, எது குறையும், எது குறையாது என்று சொல்கிறேன். தொகைகளைத் தமிழ்நாட்டில் நான் பார்த்ததை வைத்துத் தோராயமாகத்தான் தருகிறேன், ஊருக்கு ஊர் ஏறும் இறங்கும்.

முதலில் டியூப் விட்டுப் பார்க்கும் கட்டணம். வயிற்றுக்கு, அதாவது வாய் வழியாகச் செய்வதற்கு, சிறிய ஊர் கிளினிக்கில் 1,500 முதல் 3,000 வரை, நடுத்தர மருத்துவமனையில் 3,000 முதல் 5,000, பெரிய கார்ப்பரேட்டில் 5,000க்கு மேல் தொடங்கி 10,000 வரைகூடப் போகும். ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி என்றால் ஏறக்குறைய இதுபோல் இரண்டு மடங்கு, அதற்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யும் பவுடர் செலவு தனி. உங்கள் அம்மாவுக்கு வாய் வழிதான், அதனால் அதைப் பற்றியே பேசுவோம்.

இந்தக் கட்டணம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? டாக்டரின் பெயருக்கும் கட்டடத்துக்கும் போகிற பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நியாயமான காரணங்களும் உண்டு. ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம், பென்டாக்ஸ் என்று அந்த ஸ்கோப்பெல்லாம் ஜப்பான் கம்பெனிகளுடையது, பல லட்சம் ஆகும், பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் திரையில் தெரிகிற தெளிவே வேறு. அப்புறம் சுத்தம். ஒருவர் வாயில் போன ஸ்கோப்பை அடுத்தவருக்கு விடுவதற்கு முன் உள்ளே இருக்கிற குழாய்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி மருந்தில் ஊறவைத்து, கழுவி, உலர்த்த வேண்டும். சரியாகச் செய்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிற வேலை. ஒரே ஒரு ஸ்கோப்பை வைத்துக்கொண்டு காலைக்குள் 20 பேருக்குப் பார்க்கிற இடத்தில் அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக ஓர் இடத்தை ஒதுக்க வேண்டாம், குறைந்த கட்டணத்தில் ஒழுங்காகச் செய்கிற டாக்டர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் "எத்தனை ஸ்கோப் வைத்திருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பார்க்கிறீர்கள்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து மயக்கம். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு தேர்வு இருக்கிறது. தொண்டையில் மரத்துப்போகிற ஸ்ப்ரே மட்டும் அடித்துவிட்டுச் செய்யலாம், அதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. கையில் ஊசி போட்டு லேசாகத் தூங்கவைத்துச் செய்யலாம், 500 முதல் 1,500 வரை சேரும். மயக்க டாக்டரை வரவழைத்து நன்றாகத் தூங்கவைத்துச் செய்யலாம், அவருடைய கட்டணம், மானிட்டர், மருந்து எல்லாம் சேர்ந்து 2,000 முதல் 4,000 வரை, சில இடங்களில் அதற்கும் மேல். வயிற்று எண்டோஸ்கோபி சதை எடுப்பதோடு சேர்த்தே 10 நிமிடத்தில் முடிந்துவிடும், ஸ்ப்ரே மட்டும் போட்டுக்கொண்டு சமாளித்த 70 வயதுப் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம் ஓங்கரித்து, கையால் டியூபைப் பிடித்து இழுத்து, பாதியிலேயே நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அம்மா பதற்றப்படுகிறவர் என்றால் ஊசி போட்டுக்கொள்ளட்டும், அந்தப் பணம் வீண் இல்லை. அவர் அசையாமல் இருந்தால்தான் டாக்டரும் நிதானமாகப் பார்த்து, சரியான இடத்தில் சதை எடுக்க முடியும். ஆனால் கேட்காமலேயே எல்லாருக்கும் மயக்க டாக்டரைப் போடுகிற இடங்கள் உண்டு. தேர்வு உங்களுடையது என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். மயக்கம் போட்டால் அன்றைக்கு அம்மா தனியாக வீடு திரும்பக் கூடாது, ஒருவர் கூடவே இருக்க வேண்டும், மதுரைக்குப் போவதென்றால் கார் வாடகையையும் கணக்கில் வையுங்கள்.

பயாப்ஸி எடுக்கும் கட்டணம் 500 முதல் 2,000. எண்டோஸ்கோபிக் குழாய்க்குள்ளே ஒரு மெல்லிய இடுக்கியை விட்டுக் கிள்ளுவது, அவ்வளவுதான். ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிகிற இடுக்கி என்றால் அதன் விலையைப் பில்லில் போடுவார்கள், கிருமிநீக்கம் செய்து திரும்ப உபயோகிக்கிற வகை என்றால் போட மாட்டார்கள். சிலர் வயிற்றில் புண் உண்டாக்குகிற எச். பைலோரி என்ற கிருமிக்கு உடனடி டெஸ்ட் ஒன்றும் செய்வார்கள், ஒரு துண்டை மஞ்சள் நிற ஜெல்லில் வைப்பார்கள், கிருமி இருந்தால் சிவப்பாக மாறும். அதற்குச் சில நூறு ரூபாய். அல்சர் உள்ளவர்களுக்கு மிகவும் உபயோகமான டெஸ்ட் இது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாதிரி அமில மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். இரண்டு வாரம் அந்த மாத்திரையையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்பலாம். உங்கள் அம்மா விஷயத்தில் அதற்காக இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், இப்போது முக்கியம் அந்தக் கிருமி இல்லை. மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தேவையானால் அவரே முடிவு செய்வார்.

சரி, இப்போது லேப். இதுதான் முக்கியமான பகுதி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எடுத்த துண்டுகளை, சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்து ஊற்றிய சின்ன டப்பாவில் போடுவார்கள். லேபில் அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, பேத்தாலஜி படித்த டாக்டர் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். ரத்த டெஸ்ட் மாதிரி மெஷினில் போட்டு எடுக்கிற வேலை இல்லை. அதனால்தான் மூன்று நாள், ஐந்து நாள், சில இடங்களில் ஒரு வாரம் ஆகிறது. சிறிய பயாப்ஸிக்கு வெளி லேபில் 700 முதல் 1,500 வரை, பெரிய மருத்துவமனையில் 1,500 முதல் 3,500 வரை.

இதில் கவனிக்க வேண்டியது டப்பாக் கணக்கு. பல லேப்கள் துண்டுக்குப் பணம் வாங்குவதில்லை, டப்பாவுக்குத்தான் வாங்குகின்றன. ஒரே இடத்தில் எடுத்த 6 துண்டுகள் ஒரே டப்பாவில் இருந்தால் ஒரு கட்டணம். உணவுக்குழாயில் இரண்டு, இரைப்பையில் இரண்டு, சிறுகுடலில் இரண்டு என்று மூன்று டப்பாவில் போனால் மூன்று கட்டணம். அப்படிப் பிரித்துப் போடுவதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அது தெரியாது. ஆகவே டப்பாவைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் பேரம் பேச வேண்டாம். ஆனால் "டப்பாவுக்கு எவ்வளவு, எத்தனை டப்பா போகலாம்" என்று முன்கூட்டிக் கேட்டால் பணம் தயாராக இருக்கும்.

துண்டுகளின் எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. சந்தேகமான புண் என்றால் ஆறு துண்டுக்குக் குறையாமல் எடுப்பதுதான் முறை. இரண்டு துண்டு எடுத்து, அதில் மேலே செத்துப்போன சதை மட்டும் வந்து, "போதிய திசு இல்லை, மீண்டும் எடுக்கவும்" என்று ரிப்போர்ட் வந்த நாட்களில் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மீண்டும் எடுப்பதற்கு யாரும் இலவசமாகச் செய்து தர மாட்டார்கள். இந்த மொத்தச் செலவில் எதைக் குறைத்தாலும் லேபைக் குறைக்காதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற ஒரே விஷயம் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறை வேண்டாம், மயக்க டாக்டர் வேண்டாம், சென்னை வேண்டாம், ஆனால் அந்தச் சதையைப் பார்க்கிறவர் தினமும் வயிற்றுப் பயாப்ஸிகளைப் பார்க்கிற பேத்தாலஜிஸ்டாக இருக்க வேண்டும். சின்ன கிளினிக்கில் எடுத்தால் எந்த லேபுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நீங்களே டப்பாவை வாங்கி உங்களுக்கு நம்பிக்கையான லேபில் கொடுப்பதற்கும் உரிமை உண்டு, மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது, எங்கே செய்வது என்பது நோயாளியின் தேர்வு என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அப்படி எடுத்துப் போனால் டப்பா கவிழாமல், பெயரும் எடுத்த இடமும் எழுதிய சீட்டோடு, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.

சில சமயம் முதல் ரிப்போர்ட்டில் "ஐஎச்சி செய்யவும்" என்று எழுதியிருப்பார்கள். அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சில சீவல் எடுத்து விசேஷ சாயம் ஏற்றிப் பார்ப்பது அது. மறுபடி டியூப் விட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியாக ஆயிரத்துக்கு மேல் ஆகும், நான்கைந்து சேர்ந்தால் பெரிய தொகைதான். எல்லாருக்கும் வருவதில்லை. வந்தால் எதற்காக என்று டாக்டரிடம் கேளுங்கள், சிகிச்சையைத் தீர்மானிக்கிற டெஸ்டாக இருக்கும்.

முன்பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி பார்ப்பதைப் பல இடங்களில் கட்டாயம் என்பார்கள், 600 முதல் 1,500 வரை ஆகும். சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிற இடங்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு டெஸ்ட் சேரும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பயாப்ஸிக்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியிருக்காது, டாக்டர் சொன்னால் மட்டும்.

ஜிஎஸ்டி? மருத்துவமனையில் செய்கிற பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஜிஎஸ்டி கிடையாது. எண்டோஸ்கோபி, பயாப்ஸி, லேப் வரிகளில் யாராவது அதைச் சேர்த்திருந்தால் கேளுங்கள். மருந்துக் கடை பில்லில் இருப்பது வேறு, அது எம்ஆர்பிக்குள்ளேயே அடங்கியது.

இன்ஷூரன்ஸ். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். நோய் என்ன என்று கண்டுபிடிப்பதற்காக மட்டும் செய்கிற எண்டோஸ்கோபிக்குச் சாதாரண மெடிக்ளைம் பாலிசியில் பணம் வராது. பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் 4ஆம் எண்ணில் பரிசோதனைக்காகவும் நோய் கண்டறிவதற்காகவும் மட்டும் அட்மிட் ஆனால் அந்தச் செலவு சேராது என்று எழுதியிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிக்கும் வகுத்துக் கொடுத்த பொது வாசகம் அது. அட்மிட் ஆகாமல் பார்க்கிற ஓபி செலவையும் தருகிற பாலிசி, அல்லது கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசி என்றால் வேறு, அதைப் படித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. "24 மணி நேரம் அட்மிஷன் போட்டுவிடலாம் சார், இன்ஷூரன்ஸில் கிளைம் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். 6,000 ரூபாயில் முடிய வேண்டியது ரூம் வாடகை, டாக்டர் ரவுண்ட்ஸ், நர்சிங் சார்ஜ் என்று 25,000 ஆகும், இன்ஷூரன்ஸ் கம்பெனி டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டுப் பரிசோதனைக்காகத்தானே அட்மிட் ஆனார் என்று நிராகரித்துவிடும், அந்த 25,000 உங்கள் தலையில் விழும். நான் கவுண்டரில் இருந்தபோது இப்படி வந்து அழுத குடும்பங்கள் ஒன்றிரண்டு இல்லை. உண்மையிலேயே ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்று வந்து அட்மிட் ஆகி, சிகிச்சை கொடுத்து, அதற்கு நடுவில் எண்டோஸ்கோபி செய்தால் அது வேறு கதை, அதற்குப் பணம் வரும்.

ஆனால் பணம் திரும்ப வர ஒரு நேர்மையான வழி இருக்கிறது, பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஏதோ வந்து, அதே நோய்க்காக அம்மா பிறகு அட்மிட் ஆக வேண்டி வந்தால், அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் அல்லது 60 நாள் செலவுகளைப் பாலிசி ஏற்கும். எத்தனை நாள் என்பது உங்கள் பாலிசியில் இருக்கும். அப்போது இந்த எண்டோஸ்கோபி, லேப், மருந்து எல்லாமே கிளைமில் சேரும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, ஒரிஜினல் பில், பணம் கட்டிய ரசீது, ரிப்போர்ட் நான்கும் வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு செல்லாது, நம்பர் போட்ட பில்லாகக் கேட்டு வாங்குங்கள். அம்மா பெயர் பாலிசியில் உள்ளபடியே பில்லிலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள், இனிஷியல் மாறியதால் மாதக்கணக்கில் இழுத்தடித்த கிளைம்கள் எனக்குத் தெரியும்.

அம்மா பாலிசியில் இல்லாதவராக இருந்திருந்தால் வருமான வரியில் ஒரு வழி இருக்கும். பழைய முறையில் வரி கட்டுகிறவர்கள், இன்ஷூரன்ஸ் இல்லாத 60 வயதைத் தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவை 50,000 வரை கழிவாகக் காட்டலாம், ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. உங்களுக்குப் பொருந்தாது, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவலாம்.

இப்போது, பணமே பிரச்சினை என்றால். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, நம் பெரியாஸ்பத்திரி, உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே குடல் இரைப்பை நோய்க்குத் தனித் துறையே இருக்கிறது. எண்டோஸ்கோபி, பயாப்ஸி, ரிப்போர்ட் எதற்கும் தனியார் மாதிரிப் பில் கிடையாது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், தேதி கொடுத்து அனுப்புவார்கள், ரிப்போர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், வெறும் "கேஸ் பிராப்ளம்" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த இரண்டு அறிகுறியும் தேதியை முன்னால் கொண்டுவரும். ஒரு நாளில் டாக்டர்கள் பார்க்கிற கேஸ்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்கிறேன், அந்தக் கைகளுக்குப் பழக்கம் அதிகம்.

வீட்டில் யாருக்காவது சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பணம், பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பிடிப்பார்கள், அவர்களை நம்பியிருக்கிற பெற்றோருக்கும் அது செல்லும். மெடிக்ளைம் மாதிரி 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஈஎஸ்ஐயில் கிடையாது, ஓபி பரிசோதனையும் சேரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்றால், ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியாரிலும். பரிசோதனைக்கு இல்லாவிட்டாலும் ரிப்போர்ட்டுக்குப் பிறகு ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ தேவைப்பட்டால் அதுதான் கைகொடுக்கும். கார்டு இல்லை என்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் எடுக்கலாம். தகுதி இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள், ரிப்போர்ட் வந்த பிறகு ஓடுவதைவிட நல்லது.

இனி போன் செய்யும்போது கேட்க வேண்டியது இதுதான்: "எண்டோஸ்கோபி, பயாப்ஸி, லேப் ரிப்போர்ட் கைக்கு வருகிற வரைக்கும் மொத்தமாக எவ்வளவு ஆகும்? மயக்கத்தோடு எவ்வளவு, ஸ்ப்ரே மட்டும் என்றால் எவ்வளவு? ரத்த டெஸ்ட் உண்டா? லேபுக்கு டப்பா கணக்கா? ரிப்போர்ட்டைக் காட்ட வரும்போது மறுபடி கன்சல்டிங் பீஸ் உண்டா?" கேட்டதை வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிற இடத்தைவிட அனுப்புகிற இடத்துக்கு 1,000 கூடக் கொடுத்துப் போகலாம். சதை எடுப்பது உள்ளே பார்த்த பிறகுதான் முடிவாகும் என்பார்கள், அது உண்மை, அதனால் எடுத்தால் எவ்வளவு, எடுக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டு தொகையாகக் கேளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் சென்னைக்குப் போக மாட்டேன். மதுரையில் நடுத்தர மருத்துவமனை ஒன்றில், குடல் இரைப்பை டாக்டர் ஒருவரிடம், லேசான மயக்க ஊசியோடு, எல்லாம் சேர்த்து 7,000 முதல் 10,000க்குள் முடித்துவிடுவேன். அந்தப் பணம் இப்போது கஷ்டம் என்றால் நாளைக் காலையே பெரியாஸ்பத்திரி. இரைப்பையில் புண் என்று வந்தால், பயாப்ஸி நல்லபடியாக வந்தாலும், ஆறிவிட்டதா என்று பார்க்க இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு எண்டோஸ்கோபிக்குக் கூப்பிடலாம், அது காசு பிடுங்குவதற்காக இல்லை, அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ரிப்போர்ட் வாங்கப் போகும்போது பேப்பரோடு நின்றுவிடாதீர்கள். அந்த மெழுகுக் கட்டியை பிளாக் என்பார்கள், லேபில் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதன் எண் ரிப்போர்ட்டில் இருக்கும். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டுமானால் அந்த பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிப் போகலாம், புதிதாகச் சதை எடுக்கத் தேவையில்லை, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கி வையுங்கள். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி, தர மாட்டோம் என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் காலை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், மாத்திரையையோ இன்சுலினையோ அன்று காலையில் என்ன செய்வது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இந்த வாரத்துக்குள் தேதி போட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு ஏதாவது வரி புரியவில்லை என்றால் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.